எல்லாம் தெரிந்த ஊரும் மியூரியல் மெக்கேயும்

1969 டிசம்பர் 29, திங்கட்கிழமை. லண்டனின் தென்மேற்கில் விம்பிள்டன், ஆர்தர் ரோடு. இரவு ஏழே முக்கால் மணிக்கு அலிக் மெக்கே வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். மணியடித்தால் யாரும் வரவில்லை. கதவைத் தள்ளினால் திறந்துகொள்கிறது. சில மாதங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் திருட்டு நடந்திருந்தது. அதற்குப் பிறகு மனைவி மியூரியல் கதவுக்குச் சங்கிலி போடாமல் இருப்பதில்லை. அன்று சங்கிலி இல்லை. கைப்பையில் இருந்ததெல்லாம் மாடிப்படியில் சிதறிக் கிடக்கிறது. டெலிபோன் கீழே கிடக்கிறது. பக்கத்தில் வேலி கழிக்கிற கொடுவாள் ஒன்று, கொஞ்சம் கயிறு, அகலமான பிளாஸ்திரி, ஒரு செய்தித்தாளின் தாள். இதில் எதுவும் அந்த வீட்டுச் சாமான் இல்லை. நகைகளைக் காணோம். வளர்த்த நாய் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயது மியூரியல் இல்லை.

மறுநாள் விடிந்தபோது அந்த அம்மாள் எங்கே என்று போலீசுக்குத் தெரியாது. கணவருக்குத் தெரியாது. பெற்ற பிள்ளைகள் மூவருக்கும் தெரியாது. பிரிட்டனில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பாள் என்றது ஒரு கூட்டம். இந்த வயதில் பெண்களுக்குப் புத்தி ஒரு நிலையில் இருக்காது, எங்காவது சுற்றிக்கொண்டிருப்பாள் என்றது இன்னொரு கூட்டம். புருஷனை விசாரியுங்கள், எல்லாம் வெளிவரும் என்றது மூன்றாவது. வீட்டுக்குள் கிடந்த கொடுவாளைப் பற்றி எந்தக் கூட்டத்துக்கும் கவலையில்லை. வீட்டைவிட்டுக் கோபித்துக்கொண்டு போகிற பெண் போகும்போது ஒரு கொடுவாளையும் பிளாஸ்திரியையும் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டுவிட்டா போவாள்? கேள்வி கேட்டால் கதை கெட்டுவிடும். கதை முக்கியமா, கிழவி முக்கியமா?

ஊர் வாய் இப்படி என்றால் ஸ்காட்லாந்து யார்டின் மூளை அதற்கு ஒரு படி மேலே போனது. இது பத்திரிகை விளம்பரத்துக்காகப் போட்ட நாடகமாக இருக்கலாம் என்று அவர்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள். சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அலிக் மெக்கே ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ நிறுவனத்தின் துணைத் தலைவர். அந்த நிறுவனத்தை அந்த வருஷ ஆரம்பத்தில்தான் ரூபர்ட் மர்டாக் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் வாங்கியிருந்தார். பிறகு ‘தி சன்’ என்ற நஷ்டப் பத்திரிகையையும் வாங்கி, நவம்பர் 17 அன்று புது உருவில், சின்ன அளவில், பெரிய எழுத்தில் இறக்கிவிட்டிருந்தார். மியூரியல் காணாமல் போனபோது புதிய ‘சன்’னுக்கு வயது ஆறு வாரம். ஆறு வாரக் குழந்தைக்கு நல்ல தீனி வேண்டுமே, அதற்காகத் துணைத் தலைவர் தன் மனைவியை ஒளித்துவைத்துவிட்டார் என்பது துப்பறியும் தர்க்கம்.

இதைக் கேட்டு எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. பிறகு கோபம். சிரிப்புக்குக் காரணம், அந்தப் பத்திரிகைகள் அப்படிச் செய்யக்கூடியவைதான் என்று போலீசே நம்பியது. அவை அவ்வளவு பேர் வாங்கியிருந்தன! கோபத்துக்குக் காரணம், ஒரு வீட்டில் ஆயுதம் கிடக்கிறது, ஒரு பெண் இல்லை. அதைப் பார்த்தபிறகும் புருஷனின் உத்தியோகத்தை வைத்து அந்தப் பெண்ணின் ஆபத்தை எடைபோட்டார்கள். மியூரியல் ஒரு தலைப்பு எழுதியதில்லை, ஒரு படம் போட்டதில்லை. அன்று பகலில் கடைக்குப் போனார், பல் வைத்தியரைப் பார்த்தார், வீட்டுக்கு வந்தார். குற்றம் அவ்வளவுதான்.

பத்திரிகைகளை விட்டுவிட முடியாது. மற்றவர் வீட்டுப் படுக்கையறைச் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தே பிழைத்தது ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’. 1963-ல் ஒரு மந்திரியின் பதவியைப் பறித்த புரொஃப்யூமோ விவகாரத்தில் அடிபட்ட கிறிஸ்டீன் கீலரின் கதையை, ஆறு வருஷம் கழித்து, அந்த மந்திரி ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்தபோது, காசு கொடுத்து வாங்கி மறுபடி கிளறிப் போட்டது. அந்த நிறுவனத்தின் துணைத் தலைவர் வீட்டுவாசலில் இப்போது மற்றப் பத்திரிகைக்காரர்கள் காமிராவோடு நின்றார்கள். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று சிலர் உள்ளுக்குள் மகிழ்ந்திருக்கலாம். விதைத்தது யார், அறுக்கப்பட்டது யார் என்று பார்த்தால் அந்த மகிழ்ச்சி வாயில் கசக்கும்.

இரவோடு இரவாகச் செய்தி அலுவலகத்துக்குப் போய், காலைப் பதிப்பில் வந்துவிட்டது. அதற்கு முன்பே, இரவு ஒரு மணிக்கு மேல், ஆர்தர் ரோடு வீட்டு போன் அடித்தது. பேசியவன் தன்னை மாஃபியா என்றான், எம் 3 என்றான், அமெரிக்காவிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னான். பத்து லட்சம் பவுண்டு கேட்டான். அந்தக் காலத்துப் பத்து லட்சம். குறிவைத்தது மர்டாக்கின் மனைவியை, அவர் கிடைக்காததால் உன் மனைவியைத் தூக்கினோம் என்றும் சொன்னான். அந்த அழைப்பை எப்பிங் பக்கத்துப் பொது டெலிபோனிலிருந்து இணைத்துக் கொடுத்த ஆபரேட்டர் காதிலேயே பாதி விழுந்தது.

இந்த வழக்கில் முதலில் ஊகம் செய்தவர்கள் கடத்தல்காரர்களே. மர்டாக் அந்த அக்டோபரில் டேவிட் ஃப்ராஸ்ட்டின் டிவி நிகழ்ச்சியில் உட்கார்ந்து கீலர் விவகாரத்துக்காக வாங்கிக்கட்டிக்கொண்டார். நாடே பார்த்தது. ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் ஸ்டாக்கிங் பெல்ஹாம் என்ற சின்ன ஊரின் ரூக்ஸ் பண்ணையிலும் இரண்டு சகோதரர்கள் பார்த்தார்கள். ஆர்தர் ஹொசைன், நிஜாமுதீன் ஹொசைன். டிரினிடாட்டிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர். மூத்தவர் தையல்காரர். தையலில் சம்பாதித்து, பண்ணை வாங்கி, கிராமத்துக் கனவான் ஆகிவிடத் துடித்தவர். பணக்காரன் என்று டிவி ஒருவனைக் காட்டியது. அவனுக்கு மனைவி உண்டு. அவனிடம் ரோல்ஸ் ராய்ஸ் கார் உண்டு. காரின் எண்ணை வைத்து லண்டன் கவுன்சில் அலுவலகத்தில் போய், ஏதோ சின்ன விபத்து என்று பொய் சொல்லி, அது ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ கார் என்று விசாரித்துக்கொண்டார்கள். பிறகு காரின் பின்னால் போனார்கள். கார் எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அது மர்டாக் வீடு, அந்த வீட்டில் இருக்கிற பெண் மர்டாக்கின் மனைவி.

மர்டாக் கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போயிருந்தார். போகும்போது காரை அலிக் மெக்கேயிடம் விட்டுவிட்டுப் போனார். மர்டாக்கின் மனைவி அன்னாவுக்கு அப்போது இருபத்தைந்து வயதுதான். மியூரியல் அவருக்குத் தாய் வயது. கதவைத் திறந்த முகத்தைப் பார்த்தபிறகாவது ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. முடிவு முன்பே கட்டப்பட்டிருந்தது. கண்ணால் பார்த்தது அதற்கு இடைஞ்சல். தூக்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு போன். அந்த வீட்டு போன்தான் இந்தக் கதையின் இதயம். மியூரியல் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிவதற்கு வெளியுலகில் இருந்த ஒரே கயிறு அது. அந்தக் கயிற்றில்தான் நாடு முழுவதும் தொங்கியது. விளையாட்டுக்கு மிரட்டியவர்கள், நாங்கள்தான் கடத்தினோம், இவ்வளவு கொடு போதும் என்று குறைந்த விலைக்குப் பேரம் பேசிய திருடர்கள், நேற்று ரயிலில் பார்த்தேன் என்றவர்கள், கனவில் வந்தார் என்றவர்கள், அனுதாபம் சொல்ல அழைத்து அரைமணி நேரம் தங்கள் மாமியார் கதையைச் சொன்னவர்கள். மனைவியின் குரல் வருமோ என்று நடுங்கும் கையால் ரிசீவரை எடுத்தால் எதிர்முனையில் யாரோ ஒரு பொழுதுபோகாதவன் சிரிக்கிறான். இழவு வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்று பணம் கேட்ட போலிகள் சிலர் பிடிபட்டார்கள். பணம் கேட்காமல் அழைத்தவர்களை என்ன சொல்லிப் பிடிப்பது? அவர்கள் மேல் ஒரு சட்டமும் பாயாது. அக்கறை என்று ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக்கொண்டு யார் வீட்டு நடுக்கூடத்திலும் செருப்போடு நுழையலாம்.

குறி சொல்கிறவர்கள் இல்லாமல் எந்தச் சீமையிலும் கூட்டம் நிறைவதில்லை. இங்கே வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவரைக் கண்டு முகம் சுளிக்கிற வெள்ளைக்கார நாகரிகம், அங்கே ஹாலந்து நாட்டு உட்ரெக்ட்டில் இருந்த கெரார்ட் குரோய்செட் என்பவரைத் தேடிப் போனது. காணாமல் போனவர்களைக் கண்டுபிடித்துத் தருவதில் உலகப் புகழ் பெற்றவர். அந்தப் புகழின் யோக்கியதை என்ன? 1966 ஜனவரியில் அடிலெய்டு கடற்கரைக்குப் போன மூன்று சிறு பிள்ளைகள் திரும்பவில்லை. அந்த வருஷ நவம்பரில் குரோய்செட்டை விமானத்தில் வரவழைத்தார்கள். ஒரு கிடங்கின் சிமெண்டுத் தளத்தைக் காட்டி இதற்குக் கீழே என்றார். ஊரே பணம் வசூலித்துக் கொடுத்துத் தளத்தை உடைத்தார்கள். மண் இருந்தது. முப்பது வருஷம் கழித்து, 1996-ல், மனசு கேட்காமல் மறுபடி தோண்டினார்கள். மறுபடி மண். மெக்கே தம்பதியின் சொந்த ஊர் அந்த அடிலெய்டுதான். சொந்த ஊரில் மண்ணைத் தோண்டிக் கொடுத்தவரிடமே மனைவியைக் கேட்கிற நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தவிப்பு தள்ளிவிடும். தவித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தவிப்பை வைத்துப் பேர் வாங்குகிறவர்களைச் சொல்கிறேன்.

மெக்கே வழக்கில் குரோய்செட் லண்டனுக்கு வடக்கே ஒரு பண்ணையைச் சொன்னார், பிறகு பார்த்தால் பண்ணைதான், எப்படி ஞானம் பாருங்கள் என்று இன்றைக்கும் சிலாகிப்பவர்கள் உண்டு. லண்டனை விட்டு வடக்கே முப்பது மைல் போனால் பண்ணை இல்லாமல் கப்பல் துறைமுகமா இருக்கும்? அந்த ஞானத்தால் மியூரியலுக்கு ஒரு நாள் ஆயுள் கூடியதா என்று கேட்டால் சிலாகிப்பு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இதற்கிடையே தபாலில் கடிதங்கள் வந்தன. மியூரியலின் கையெழுத்து. குளிர்கிறது, கண்ணைக் கட்டியிருக்கிறார்கள், எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்கிற மன்றாட்டு. கண் கட்டப்பட்ட நிலையில் எழுதியதுபோல வரிகள் கோணலாக இறங்கின. பிறகு வந்த உறைகளில் அவர் அன்று உடுத்தியிருந்த துணியிலிருந்து வெட்டிய துண்டுகள். எத்தனையோ வகையில் மியூரியலை விளக்கிச் சொன்ன ஊரில், மியூரியலே தன்னைப் பற்றிச் சொன்னது இந்தச் சில வரிகள்தான். அவற்றைப் படித்தபிறகும் இது நாடகம் என்று சொன்ன வாய்கள் இருந்திருக்குமானால், அந்த வாய்களைப் படைத்தவன் மேல்தான் வழக்குப் போட வேண்டும்.

போலீஸ் நடவடிக்கைக்கு வருவோம். பிரிட்டனுக்குப் பணத்துக்காக ஆளைக் கடத்தும் குற்றம் பழக்கமில்லை. சினிமாவில் பார்த்ததோடு சரி. ஆகவே போலீசும் சினிமாவில் பார்த்தபடி நடந்துகொண்டது. பணத்தை ஏ10 சாலையில் ஹை கிராஸ் என்ற இடத்தில் காகிதப் பூக்கள் வைத்து அடையாளம் காட்டிய ஓரத்தில் வைக்கச் சொல்லி உத்தரவு. பிப்ரவரி 1 இரவு, மகன் வேடத்தில் ஒரு போலீஸ்காரர் சூட்கேஸோடு போனார். சுற்றுவட்டாரம் முழுக்க மாறுவேடத்தில் போலீஸ். நடுராத்திரி ஆளரவமற்ற கிராமச் சாலையில் இத்தனை அந்நியர்கள் உலவினால் எந்த மடையனுக்கும் விளங்கிவிடும். கடத்தல்காரன் வரவில்லை.

ஐந்து நாள் கழித்து இரண்டாவது முயற்சி. பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டில் ஒரு பழைய கார் விற்கும் கடை. அதன் முன்னால் நிற்கும் மினி வேனுக்குப் பக்கத்தில் இரண்டு சூட்கேஸ்களை வைக்க வேண்டும். கணவர் வேடத்தில் ஒரு அதிகாரி, மகள் வேடத்தில் ஒரு பெண் போலீஸ். வைத்துவிட்டுப் போனார்கள். மறைந்திருந்து பார்த்தார்கள். ஒரு நீல நிற வால்வோ கார் மெதுவாகப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. அப்போது அந்த வழியாக வந்த உள்ளூர்த் தம்பதி ஒன்று சாலையோரத்தில் கேட்பாரற்று இரண்டு சூட்கேஸ் கிடப்பதைப் பார்த்தது. யாரோ மறந்துவிட்டார்கள், திருட்டுப் போய்விடுமே என்று பதறியது. கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு, ஒருவர் காவலுக்கு நிற்க, போலீசுக்குப் போன் செய்தார்கள். உள்ளூர் போலீஸ் வந்து சூட்கேஸ்களை எடுத்துக்கொண்டு போய்விட்டது. லண்டன் போலீஸ் புதருக்குள் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டது. உள்ளூர் ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

அந்தத் தம்பதியைக் கேலி செய்து எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அவர்கள் மேல் மரியாதை. ஆறு வாரமாக ஒரு நாடே பார்க்காததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பார்த்ததை மட்டும், சொல்ல வேண்டிய இடத்தில் சொன்ன பொதுஜனம் இந்த இரண்டு பேர். எத்தனை சூட்கேஸ், எங்கே இருக்கிறது, அவ்வளவுதான். அது யாருடையது, உள்ளே என்ன, எந்த மனைவியின் கள்ளக்காதலன் விட்டுவிட்டுப் போனான் என்று அவர்கள் கதை சொல்லவில்லை. திட்டம் கெட்டது போலீஸின் அசட்டுத்தனத்தால்.

வால்வோவின் எண் கிடைத்துவிட்டது. மறுநாள், பிப்ரவரி 7, ரூக்ஸ் பண்ணைக்குப் போனார்கள். காகிதப் பூ செய்யும் காகிதம் இருந்தது. கடிதம் எழுதிய தாள் எந்த நோட்டிலிருந்து கிழிக்கப்பட்டதோ அந்த நோட்டு இருந்தது. கிழிசலோடு கிழிசல் பொருந்தியது. தாள்களில் ஆர்தரின் கைரேகை இருந்தது. மெக்கே வீட்டில் கிடந்ததே ஒரு கொடுவாள், முதல் நாளே ஊர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போன கொடுவாள், அது அந்தப் பண்ணைப் பக்கத்து விவசாயியிடம் இரவல் வாங்கியது. நோட்டின் கிழிசல், கைரேகை, இரவல் கொடுவாள், காரின் எண். நாடு முழுக்க ஊகித்த ஆயிரத்தெட்டுக் கதையில் இதில் ஒன்றுகூட இல்லை.

சகோதரர்கள் கிடைத்தார்கள். மியூரியல் கிடைக்கவில்லை. பண்ணையை வாரக்கணக்கில் சலித்தார்கள். ஒரு தடயமும் இல்லை. 1970 அக்டோபர் 6 அன்று ஓல்டு பெய்லி நீதிமன்றம் உடல் இல்லாமலேயே இருவரையும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து ஆயுள் தண்டனை விதித்தது. எங்கே, எப்போது, எப்படி இறந்தார் என்று அரசுத் தரப்பாலும் சொல்ல முடியவில்லை. குற்றவாளிகள் வாய் திறக்கவில்லை.

நீதிமன்றம் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்ட அந்த இடத்தில்தான் ஊர் தன் உச்சத்தைத் தொட்டது. பண்ணையில் பன்றிகள் இருந்தன. உடல் இல்லை. கூட்டிக் கழித்தார்கள், விடை வந்துவிட்டது: பன்றிகளுக்குப் போட்டுவிட்டார்கள். யார் பார்த்தது? யாரும் இல்லை. எந்தச் சாட்சி? ஒன்றும் இல்லை. ஆனாலும் அரை நூற்றாண்டு காலம் மியூரியல் மெக்கே என்றால் பன்றி என்று ஆனது. மதுக்கடையில் பேசினார்கள், நகைச்சுவை சொன்னார்கள், குற்றக்கதைப் புத்தகங்களில் எழுதினார்கள். இருக்கலாம் என்று ஆரம்பித்த வரி அடுத்த பதிப்பில் என்று நம்பப்படுகிறது என்றாகி, அதற்கடுத்த பதிப்பில் நடந்தது என்றாகிவிட்டது. தாயின் பெயரை யார் சொன்னாலும் அடுத்த வார்த்தை பன்றி என்று கேட்டுக் கேட்டு மூன்று பிள்ளைகளுக்கும் கிழடு தட்டியது. ஒருநாளாவது யாராவது அவர்களிடம் போய், அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லையம்மா, நாங்கள் சொல்லிவிட்டோம், மன்னித்துவிடுங்கள் என்று கேட்டிருப்பார்களா? ஊருக்கு ஏது முகம், மன்னிப்புக் கேட்க? கதை சொல்லும்போது ஆயிரம் வாய். பதில் சொல்ல ஒரு வாய் கிடையாது.

இது சுவைக்காக மட்டும் நடந்த கொடுமை என்று நினைத்துவிடக் கூடாது. பன்றிக் கதை இருக்கும்வரை தேடுவதற்கு ஒன்றும் இல்லை. தின்று தீர்த்ததைத் தேடுவானேன்? கோப்பை மூடுகிறவனுக்கு இதைவிட வசதியான கதை வேறு கிடையாது.

நிஜாமுதீன் தண்டனை முடிந்து டிரினிடாட்டுக்கு அனுப்பப்பட்டார். அண்ணன் 2009-ல் காவலிலேயே செத்துப்போனார். 2021-ல் தம்பி, வயதான காலத்தில், வாயைத் திறந்தார். பன்றியும் இல்லை ஒன்றும் இல்லை, கொண்டுவந்த சில நாட்களில் அந்த அம்மாள் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்துபோனார், பண்ணையில் புதைத்தேன் என்றார். ஐம்பது வருஷம் பொய் சொன்னவர் இப்போது மட்டும் மெய் சொல்வாரா? நானும் ஊகத்தில் இறங்கப்போவதில்லை. 2022-ல் தோண்டினார்கள், கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில் மகள் டயானும் அவருடைய மகனும் டிரினிடாட்டுக்கு விமானம் ஏறினார்கள். டயானுக்கு அப்போது எண்பது கடந்திருந்தது, தாய் காணாமல் போன வயதைவிடக் கால் நூற்றாண்டுக்கும் மேல் கூடுதல். தாயைக் கடத்தியவனுக்கு எதிரில் உட்கார்ந்து, பண்ணையின் படங்களைக் காட்டி, எங்கே என்று கேட்டார்கள். அவ்வளவு பெரிய மனது வேண்டும் அதற்கு. அல்லது அவ்வளவு பெரிய வேதனை. அந்த ஆண்டு ஜூலையில் போலீஸ் மறுபடி தோண்டியது. எட்டு நாள். ஒன்றும் இல்லை.

இது பழங்காலம், டெலிபோனும் காகிதமும் மட்டும் இருந்த காலம், இப்போது மக்கள் படித்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் அவர்களை 2023 ஜனவரியில் லங்காஷையருக்கு அழைத்துப் போக வேண்டும். செயிண்ட் மைக்கேல்ஸ் ஆன் வையர் என்ற கிராமத்தில் நிக்கோலா புல்லி என்ற நாற்பத்தைந்து வயதுத் தாய், நாயோடு ஆற்றங்கரையில் நடக்கப் போனவர், திரும்பவில்லை. பெஞ்சில் அவருடைய போன், அலுவலகக் கூட்டத்தோடு இணைப்பு அறாமல். ஆற்றில் விழுந்திருக்க வேண்டும் என்று போலீஸ் ஆரம்பத்திலிருந்தே சொன்னது. ஊர் கேட்குமா? கடத்தல் என்றது. துணைவர் மேல் சந்தேகம் என்றது. இந்த முறை ஊர் போன் செய்வதோடு நிற்கவில்லை. கையில் காமிராவோடு நேரிலேயே வந்துவிட்டது. டிக்டாக்கில் நேரடி ஒளிபரப்பு செய்தபடி அடுத்தவர் வீட்டுத் தோட்டத்தில் புகுந்து தேடினார்கள். கலைந்து போங்கள் என்று போலீஸ் உத்தரவு போட வேண்டியிருந்தது. அந்தப் போலீசும் சளைத்ததல்ல. ஊகத்தை அடக்குகிறோம் என்று சொல்லி, அந்தப் பெண்ணின் மாதவிடாய் நிற்கும் காலத்துச் சிரமத்தையும் குடிப்பழக்கத்தையும் அறிக்கை விட்டு ஊருக்கு அறிவித்தது. இந்த வயதில் பெண்களுக்குப் புத்தி ஒரு நிலையில் இருக்காது என்ற 1969-ன் திண்ணைப் பேச்சு, இப்போது அரசு முத்திரையோடு வந்தது. பிப்ரவரி 19 அன்று ஆற்றிலேயே உடல் கிடைத்தது. தவறி விழுந்து மூழ்கிய விபத்து என்று ஜூனில் விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். துணைவரைக் கொலைகாரன் என்று சொன்னவர்கள் அதற்குள் அடுத்த ஊரில் காணாமல் போன அடுத்த ஆளிடம் போய்விட்டிருந்தார்கள்.

மர்டாக்கின் ‘சன்’ என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நன்றாக இருந்தது. முதல் பிறந்தநாளை 1970 நவம்பர் 17 அன்று, மியூரியல் வழக்கில் தீர்ப்பு வந்து ஆறு வாரத்தில், மூன்றாம் பக்கத்தில் மேலாடையில்லாத ஒரு பெண் படத்தோடு கொண்டாடியது. பிறகு பிரிட்டனிலேயே அதிகம் விற்கும் தினசரியானது. 2017-ல் அந்த முதல் வருஷத்தை வைத்து ஜேம்ஸ் கிரஹாம் ‘இங்க்’ என்று ஒரு நாடகம் எழுதினார். லண்டனிலும் நியூயார்க்கிலும் மேடையேறி நல்ல வசூல். நாடகத்தில் மியூரியல் கடத்தலும் ஒரு காட்சிக்கு உதவுகிறது.

அடுத்த முறை எந்த ஊரிலாவது ஒரு வீட்டுக் கதவு திறந்து கிடந்து, உள்ளே ஒரு வயதான அம்மாள் இல்லை என்று செய்தி வரும். வராமல் இருக்கப்போவதில்லை. அப்போது உங்கள் வாயிலும் ஒரு கதை ஊறும். நீங்கள் எதையாவது கண்ணால் பார்த்திருந்தால், ஒரு காரின் எண்ணோ, சாலையோரத்தில் கிடந்த சூட்கேஸோ எதுவாக இருந்தாலும், நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால் தயவுசெய்து வாயைப் பொத்திக்கொண்டிருங்கள். அந்த வீட்டு போன் காலியாக இருக்கட்டும்.